வரப்பேறியவள்

குர்ராபின், ஆஸ்திரேலியா
4.8.2024

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளை சிவபாண்டியும் பேத்தி சரண்யாதேவியும் சுகமாக இருக்க நம் அம்மன் துணை நிற்பாள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் தம்பி போனைச் சமையல் மேடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் பேசுவது அவனுக்கும் கேட்கிறது, மருமகள் தாமரைச்செல்விக்கும் கேட்கிறது. தாயும் மகளும் பேச ஒரு மறைவு வேண்டாமா? அறிவொளி வகுப்பில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கற்ற எழுத்து இதற்காவது உதவட்டும்.

ஊர் என்றால் ஒரே தெரு. பரவை மார்க்கெட்டில் ஒரு வரிசைக்குக்கூடக் காணாது. தெரு முடிகிற இடத்தில் கோதுமை கொட்டி வைக்கும் கூண்டுகள், கோபுர உயரத்துக்கு. அதற்கு அந்தப் பக்கம் வயல், வயல், வயல்தான். ஆனால் ஒரு ஆள் இல்லை. ஒருத்தன் வண்டியில் உட்கார்ந்தபடி அத்தனையையும் உழுதுவிட்டுப் போகிறான். நம்மைப் போன்றவர்கள் இங்கே பிறந்திருந்தால் என்ன வேலை செய்து பிழைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரன் உன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும். மருமகள் பிரசவ லீவு முடிந்து ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குப் போகிறாள். தம்பி இங்குள்ள பழைய ஹோட்டலின் சமையல்கட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான் அல்லவா, அங்கே சமையல் ஆள் நின்றுவிட்டானாம். பிள்ளை தூங்கும் நேரத்தில் போய் வெங்காயம் அரிந்து கொடுக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குத்தான் கை வலிக்கும்.

இங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், டாக்டரைக்கூட. எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தபால் ஆபீஸ் நடத்தும் ஜூடி எழுபது வயதுக்காரி. போனில் அவள் பேசினால் அது தமிழில் திருப்பிச் சொல்கிறது. ஸ்டாம்பு ஒட்டி அவளே அனுப்புவாள். நீயும் அவள் கடை முகவரிக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா


ஆரப்பாளையம், மதுரை
28.8.2024

அம்மாவுக்கு மகள் பாண்டிமீனா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் வர இருபது நாள் ஆனது. நம் ஜெராக்ஸ் கடையில் கூட்டத்தை நிற்க வைத்துவிட்டுப் படித்தேன். ஒருவன் "அக்கா, ரெண்டு காப்பிக்கு எம்புட்டு நேரம்?" என்று கத்தினான். என் ஆத்தா எழுதியிருக்கு, பேசாம நில்லுடா என்றேன்.

வெங்காயம் அரிகிறேன் என்கிறாயே, எத்தனை கிலோ? நேற்று போனில் பேசும்போது பின்னால் மணி அடித்தது, ஆள் ஆளாகக் கத்தினார்கள், "இந்தா வாரேன்" என்று நீ பாதியில் ஓடினாய். அது பிள்ளை தூங்குகிற நேரமா? உனக்கு முழங்கால் தேய்ந்துபோய் டாக்டர் நிற்காதே என்று சொன்னது தம்பிக்குத் தெரியாதா?

பேரனைக் கொஞ்சப் போனவள் நீ. அக்டோபர் இருபதாம் தேதி டிக்கெட். அதைவிட ஒரு நாள் கூடக் கூடாது. பாஸ்போர்ட்டை நீயே வைத்திரு.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடு.

உன் மகள்
பாண்டிமீனா


குர்ராபின்
22.9.2024

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே குளிர் விட்டுவிட்டது. முழங்காலும் பரவாயில்லை. உங்கள் மூவரின் சுகத்துக்கும் பதில் போடு.

உனக்கு மூக்கு நுனியில் கோபம், உன் அப்பாவைப் போல. நான் யார் வீட்டு வேலையைச் செய்கிறேன்? பெற்ற பிள்ளையின் அடுப்புதானே. அவனும் தனி ஆளாக எவ்வளவுதான் ஓடுவான்? கோழிக் குழம்பு, பிரியாணி, பரோட்டா எல்லாம் போடுகிறேன். வெள்ளைக்காரர்கள் மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் இடம் இல்லாமல் வெளியே நிற்கிறார்கள்.

ஒரு சந்தோஷமான செய்தி. இந்தப் பக்கத்துப் பேப்பரில் என் படம் வந்திருக்கிறது, பாதிப் பக்கத்துக்கு! கையில் கரண்டியோடு நிற்கிறேன். இங்கிலீஷில் நிறைய எழுதியிருக்கிறார்கள். "ஒன்னயப் பத்தி நல்லாத்தாம்மா போட்ருக்கான்" என்றான் தம்பி. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கடையில் ஒட்டி வை, நாலு பேர் பார்க்கட்டும். களையெடுத்த ஒச்சாயி படம் ஆஸ்திரேலியா பேப்பரில் வந்தது என்று நம் தெருவுக்குத் தெரியட்டும்.

பாஸ்போர்ட் தம்பி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. டிக்கெட் விஷயம் அவன் பார்த்துக்கொள்வான். போனில் அதைப் பற்றிக் கேட்காதே.

உன் அம்மா


ஆரப்பாளையம்
14.10.2024

அம்மாவுக்கு, இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது.

படம் நன்றாக இருக்கிறது. சரண்யாதேவி படித்துப் பார்த்தாள். உன் பிரியாணியைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

பாண்டிமீனா


ஆரப்பாளையம்
14.10.2024

முத்துக்குமரனுக்கு அக்கா எழுதுவது. சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. குழந்தை மட்டும் நன்றாக இருக்கட்டும்.

போனில் பேசினால் கத்திவிடுவேன், அம்மா காதில் விழும். அதனால் எழுதுகிறேன். பேப்பரை என் மகள் எனக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னாள். "மதுரையிலிருந்து வரவழைக்கப்பட்ட அனுபவமிக்க செஃப், ஒச்சி." அதற்குக் கீழே நீ சொன்னதாக ஒரு வரி: "நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். இவரை இந்தியாவில் தேடிப் பிடித்தேன்."

எங்கேடா தேடிப் பிடித்தாய்? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கூலிக்கு ஆள் நிற்குமே, அங்கேயா? பேப்பர் முழுக்கத் தேடிவிட்டோம். அம்மா என்ற வார்த்தை ஒரு இடத்தில் இல்லை. அவள் அதை என்னவென்று தெரியாமல் கடையில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்! ஒட்டவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. மேசை டிராயரில் கிடக்கிறது.

அவளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் இருபதாம் தேதி வந்துவிடும், அன்று அவள் விமானம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

பாண்டிமீனா


குர்ராபின்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி முத்துக்குமரன். இங்கே எல்லோரும் நலம். மச்சானையும் சரண்யாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

முதலில் நிலைமையைப் புரிந்துகொள். ஹோட்டல் முதலாளியோடு போட்ட ஒப்பந்தத்தில் அனுபவமுள்ள செஃப் ஒருவர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இருந்தவன் மே மாதம் சொல்லாமல் போய்விட்டான். இந்த மாதிரிச் சின்ன ஊருக்கு ஆள் வருவதில்லை. சமையல்கட்டு கையை விட்டுப் போனால் இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்த எங்கள் பி.ஆரும் போய்விடும். ஐந்து வருட உழைப்பு. "என் அம்மா சமைக்கிறார்" என்று முதலாளியிடம் எப்படிச் சொல்ல முடியும்? அதனால் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னேன். யாருக்கு என்ன நஷ்டம்? அம்மா சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நான் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகத்தான் கரண்டியை எடுத்தார்கள்.

டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டேன். அம்மாவின் விசா ஒரு வருடம் இருக்கிறது.

'ஒச்சி' என்று பேர் சொல்வது இங்கே மரியாதைக் குறைவு அல்ல. பிரதமரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதுதான் இங்குள்ள சமத்துவம். நம் ஊர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்காதே.

தம்பி
முத்துக்குமரன்


குர்ராபின்
2.1.2025

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். அடுப்பில் கை சுட்டுவிட்டது, அதனால் எழுதவில்லை என்று சொல்லலாம் என நினைத்து மூன்று தாளைக் கிழித்தேன். நான் உன்னிடம் பொய் எழுதியது போதும்.

இங்கே கோதுமை அறுப்பு. வெயில் நம் அக்கினி நட்சத்திரம் போல அடிக்கிறது. காலை எட்டு மணிக்குச் சமையல்கட்டுக்குள் போனால் வெளியே வர இருட்டிவிடுகிறது. பேரனைத் தாமரைச்செல்வி காப்பகத்தில் விட்டுவிடுகிறாள். நான் எந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தேனோ அதற்கு என் முகம் மறந்து போச்சு.

நான் எழுதாமல் விட்டது அது இல்லை. முதலில் வெள்ளைக்காரர்கள் 'ஒச்சி' என்றார்கள். சரி, அவர்கள் வழக்கம் என்று விட்டேன். பிறகு பரிமாறுகிற பெண்கள் சொன்னார்கள். அதையும் விட்டேன். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆள் நிறைந்திருந்த நேரம், உன் தம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஒச்சி! நாலாம் டேபிளுக்கு ஒரு பிரியாணி" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரோ என்று நினைத்தேன். "ஒச்சி" என்று இன்னொரு தரம் கத்தினான். பெற்ற மகன். அன்றிலிருந்து அந்தச் சமையல்கட்டுக்குள் நான் ஒச்சிதான். வீட்டுக்கு வந்தால் மட்டும் அம்மா.

நம் பக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். பெரிய வீட்டுப் பொடிப் பயல்கள், மூக்கு ஒழுகுகிற பயல்கள், என் ஆத்தா வயதுக்காரியை "ஏ, இங்க வாடி" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை என் பிள்ளையாவது கேட்கக் கூடாது என்றுதான் அவனை வயலில் இறக்காமல் படிக்க வைத்தேன்.

போன வாரம் ஜூடி கேட்டாள், "உன் முதலாளி நல்லவரா?" என்று. போன் தமிழில் அதைச் சொன்னபோது மெஷின் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தேன். இல்லை. நான் அவனுக்குச் சமையல் வேலைக்கு வந்த ஆள் என்றுதான் இந்த ஊருக்கே தெரியும். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். உனக்கு அப்போதே தெரியும், இல்லையா? நீ நாலு வரி எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று ஜூடி கேட்டாள். பாண்டிமீனா அம்மா என்றேன். இப்போது தெருவில் பார்த்தால் "பாண்டிமினாமா" என்று சத்தம் போடுகிறாள். நாக்குச் சுழிந்தாலும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

உன் அம்மா


ஆரப்பாளையம்
26.1.2025

அம்மா, சுகம் எல்லாம் கிடக்கட்டும்.

ஆமாம், எனக்குத் தெரியும். நீ பெருமைப்பட்டு அனுப்பிய பேப்பரை நான் எப்படி உனக்குப் படித்துக் காட்டுவேன்? அவனுக்குத்தான் எழுதினேன். சமத்துவம் என்று பதில் போட்டான். பெரிய வீட்டுப் பயலை நாம் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதற்குப் பேர் சமத்துவம். பெற்றவளை ஊர் முன்னால் வேலைக்காரி ஆக்கிவிட்டுப் பேர் சொன்னால் அதற்கு வேறு பேர் இருக்கிறது. கடிதத்தில் எழுத மாட்டேன்.

உன்னிடமும் எனக்குக் கோபம்தான். ஆவணியில் நடந்ததைத் தையில் சொல்கிறாய். மகன் என்றால் மட்டும் உனக்கு வாய் அடைத்துவிடுமா?

எனக்கு ஏழு வயது. பெரிய வீட்டு வயலில் நடவு. நீதான் முதல் ஆள், உன் பின்னால் பதினைந்து பேர். தம்பி புளியமரத்துத் தூளியில் தூங்கினான், ஆட்டுவது என் வேலை. அந்த வீட்டுப் பயல், என் வயதுதான் இருக்கும், வரப்பில் நின்று கம்பை ஆட்டிக்கொண்டு, "ஏ ஒச்சாயி, வெரசா நடு" என்றான். நீ நிமிர்ந்தாய். கையில் இருந்த நாற்று முடியைத் தண்ணீரில் வைத்தாய். வரப்பேறி உட்கார்ந்தாய். பதினைந்து பேரும் ஏறினார்கள். உச்சி வெயில் வந்து நாற்று வதங்க ஆரம்பித்த பிறகு அவன் அப்பா, பெரிய வீட்டுக்காரர், ஓடி வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "எறங்குங்கம்மா" என்றார். அதற்கப்புறம்தான் இறங்கினாய். அந்தப் பயல் உன்னை மறுபடி பேர் சொல்லவே இல்லை.

அந்த ஒச்சாயி எங்கே அம்மா? விமானத்தில் ஏற்றவில்லையா?

பாண்டிமீனா


குர்ராபின்
4.3.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் சொன்னால் அழுகை வந்து பாதியை விழுங்கிவிடுவேன்.

சனிக்கிழமை இங்கே விவசாயக் கண்காட்சி. சுற்று வட்டாரத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நூற்றிருபது பேர். விடிந்ததிலிருந்து அடுப்பில் நின்றேன். பிரியாணிக்குத் தாளித்துவிட்டேன், அரிசி போட வேண்டியதுதான் பாக்கி. ஹோட்டல் முதலாளி உள்ளே வந்தார். பக்கத்தில் உன் தம்பி. "ஒச்சி, சீக்கிரம் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பாண்டிமீனா. கம்பை ஆட்டிய பயலும் அப்படித்தான் தூரத்தில் நின்ற தன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

அடுப்பை அணைத்தேன். கரண்டியைக் கழுவி வைத்தேன். சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்துவிட்டு, முன் வாசல் வழியாகவே, சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே நடந்து வெளியே வந்தேன். எதிரே ஜூடி கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வரப்பு மாதிரி கொஞ்சம் மேடாகத்தான் இருக்கிறது.

ஓடி வந்தான். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அம்மா, என்னம்மா இது, அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காகம்மா" என்றான்.

"உள்ளே எம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டியோ, அம்புட்டுச் சத்தமா அம்மான்னு இங்க கூப்பிடு. ஒரே ஒரு தடவ. எறங்கி வாரேன்" என்றேன்.

தெருவைப் பார்த்தான். ஹோட்டல் வாசலில் முதலாளி நின்றார், ஜனம் நின்றது. அவன் வாய் திறந்தது, பாண்டிமீனா. நான் எழுந்திருக்கக் கையைக்கூட ஊன்றிவிட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

பெரிய வீட்டுக்காரரே அன்று அம்மா என்று சொன்னார். என் மகனால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் தாமரைச்செல்வி பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அத்தை, நானும் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். தப்புத்தான்" என்றாள். டிக்கெட்டும் அவள்தான் மாற்றினாள். பேரன் முகத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் அம்மா


குர்ராபின்
25.3.2025

அக்காவுக்கு, முத்துக்குமரன். நலம் என்று எழுத ஒன்றும் இல்லை.

அம்மா செய்த வேலைக்கு விளைவு தெரியுமா? அன்று நூற்றிருபது பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். ஜூன் மாதத்தோடு சமையல்கட்டை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. வேறு ஊரில் வேலை தேடுகிறேன், விசா என்ன ஆகுமோ தெரியாது. தாமரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தபால் ஆபீஸ் கிழவி என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள்.

ஒரு வார்த்தைக்காக இவ்வளவா? வீட்டில் நான் அம்மா என்று கூப்பிடாமலா இருந்தேன்? அவர்களிடம் கேட்டுச் சொல்.

முத்துக்குமரன்


பரவை, மதுரை
20.4.2025

திரு. முத்துக்குமரன் அவர்களுக்கு,

ஒச்சாயி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தையும் உடல் நலத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் பாண்டிமீனாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்குக் காட்டினாள். கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். நானே சொல்கிறேன்.

சமையல்கட்டு போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு கஷ்டமும் வரக் கூடாது என்று விளக்கேற்றுகிறேன். தாங்கள் என்னிடம், "அம்மா, என் பிழைப்பு போய்விடும், ஆறு மாதம் அடுப்பில் நில்" என்று கேட்டிருந்தால், முழங்கால் உடைந்தாலும் நின்றிருப்பேன். ஊரிடம் பொய் சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தால்கூட, தலையில் நாலு போட்டுவிட்டுச் சமைத்திருப்பேன். தாங்கள் கேட்கவில்லை. ஏமாற்றினீர்கள். என் படத்தை வைத்தே என்னை ஏமாற்றினீர்கள்.

ஒச்சாயி என்பது என் அப்பா பேயாண்டி எனக்கு ஆசையாக வைத்த பேர். அந்தப் பேரில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு நான் அம்மாவாக இருக்க முடியாது. 'தாங்கள்' என்று எழுதும்போது கை கூசுகிறது. பழகிக்கொள்கிறேன்.

வீட்டில் அம்மா என்று கூப்பிட்டேனே என்கிறீர்கள். வீட்டுக்குள் கூப்பிட்டது போதாது. எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் தாளாக இருந்தாலும் சரி. உறைக்கு மேலே, என் பேருக்குப் பக்கத்தில், 'என் அம்மா' என்று இங்கிலீஷில் எழுதி, ஜூடி கடையில், ஆள் நிற்கும் நேரத்தில், அவள் கையில் கொடுங்கள். அவள் அதைச் சத்தமாகப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதம் வந்தால் என் மகனுக்கு அம்மா பதில் எழுதுவாள். அதுவரை,

இப்படிக்கு,
ஒச்சாயி